டீமேக்கரின் காரும் வெள்ளையடித்த இரண்டு கற்களும்

பழைய கார் ஒன்றை வாங்கி, அதைத் துடைத்து மெருகேற்றி, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தெருவில் ஓட்டிச் சந்தோஷப்படுகிற நண்பர் ஒருவர் போன வாரம் என்னைத் தேடி வந்தார். "இதுக்கு எந்த இன்சூரன்ஸ் எடுக்கிறது?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடம் காப்புறுதித் தொழிலில் கிடந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். "நீங்கள் விசாரித்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து காரைப் பார்த்தாரா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப இல்லையே. நாலு போட்டோ அனுப்பினாப் போதுமாம்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரிடம் அதைக் காட்டவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நண்பருக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்பது சட்டத்துக்காக எடுப்பது. உங்கள் கார் அடுத்தவனை இடித்தால் அவனுக்குக் கிடைக்கும், உங்களுக்கு ஒன்றும் இல்லை. முழுக் காப்புறுதி என்பது புதுக் காருக்குச் சரி. அதில் விபத்து நடந்த நாளில் அந்தக் காருக்குச் சந்தையில் என்ன விலையோ அதைத்தான் கொடுப்பார்கள். பழைய காருக்குச் சந்தை விலை பழைய இரும்பு விலை. ஆகவே ஒப்புக்கொண்ட பெறுமதிக் காப்புறுதி கேளுங்கள். கார் இன்ன பெறுமதி என்று கம்பெனியும் நீங்களும் முன்கூட்டியே பேசிக் கையெழுத்திடுவது அது. பிறகு நிபந்தனைகளைப் படியுங்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஏன் மூன்று தடவை என்பதற்குத்தான் இந்தக் கதை.

நான் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். படிப்பு முடிந்ததும் ஹட்டனில் ஒரு காப்புறுதிக் கம்பெனியின் கிளையில் எழுத்தராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் கடிதங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எழுதினேன், தட்டச்சுப் படித்தேன், பிறகு மோட்டார் பிரிவுக்குப் போட்டார்கள். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். நாடற்றவர்களாகிப் போன எங்கள் தோட்டத்து ஆட்கள் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வருமா வராதா என்று காத்துக் கிடந்த காலம் அது. எங்கள் வீட்டில் நாலு பேருடைய விண்ணப்பமும் எங்கேயோ ஒரு கந்தோரில் கிடந்தது. என் பெயர் அச்சடித்து, எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று சொன்ன தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி கொடுத்த நியமனக் கடிதம். அதை அம்மா மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

எங்கள் கிளை மேனேஜர் மிஸ்டர் கிளாசன். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். அவருடைய அப்பா நானுஓயாவில் ரயில்வே கார்டாக இருந்தவர் என்பதால் மலைநாட்டில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், தோட்டத்து மக்களோடு தோட்டத்துத் தமிழில் பேசுவார். விபத்துக்குப் பணம் கேட்டு வரும் கோரிக்கைப் படிவத்தை உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். "முதல் பக்கத்தில் பொய் சொல்கிறவன் கடைசிப் பக்கம் வருவதற்குள் களைத்துவிடுவான்" என்பார். ஒரு கேள்வியை ஒரே வார்த்தையில் மூன்று தடவை கேட்பார். கேட்டுக்கொண்டே குப்பைக்கூடைக்கு மேல் பென்சிலைச் சீவுவார். சீவல் விழுவது நின்றால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை.

புதிதாக ஒரு கார் காப்புறுதிக்கு வந்தால் எந்த ஊர்த் தயாரிப்பு, எந்த வருடம் என்று எல்லாரும் கேட்பார்கள். கிளாசன் முதலில் கேட்பது, "கார் எங்கே தூங்குகிறது?" என்றுதான்.

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் வேலாயுதம் என்றொருவர் டீமேக்கராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோருக்கு முழுப் பொறுப்பு அவர். பழைய துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கைவிட்டுப் போன திறந்த கார் ஒன்று எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் கோழி அடையக் கிடந்தது. எனக்கு ஒரு வயது மூத்த கார் அது. என்ன கார் என்று பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் விற்க வந்தவன் என்று நினைப்பீர்கள். வேலாயுதம் அதை எழுதி வாங்கி, எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே திருத்தினார். கிடைக்காத பாகங்களை ஸ்டோர் லேத்தில் கடைந்தார். இருக்கைக்குத் தோல் தைத்ததுகூட அவர்தான்.

"எட்டு வருசமா ஞாயித்துக்கெழமைல இவரு காலை மட்டுந்தாங்க நான் பாத்திருக்கேன். மத்ததெல்லாம் வண்டிக்கு அடியில" என்று அவருடைய மனைவி, காப்புறுதி விஷயமாக நான் போன முதல் நாளே என்னிடம் முறையிட்டார்.

வேலாயுதம் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இது பழைய வண்டி. நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இரும்புக் கடைக்காரன் சொல்ற வெலையையா உங்க கம்பெனியும் சொல்லும்?"

"சாதாரண இன்சூரன்ஸ்னா அப்படித்தாங்க ஐயா."

"அப்ப எனக்கு அது வேணாம். என் எட்டு வருசத்துக்கு ஒரு வெல போட முடியுமான்னு பாருங்க."

எங்கள் கிளையில் அதுவரை ஒப்புக்கொண்ட பெறுமதிக்கு ஒரு காரும் எழுதியதில்லை. கொழும்பில் பெரிய மனிதர்களுக்கு எழுதுவார்கள். நான் எழுதிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குப் போய் ஆணி முதல் எழுதினேன்: எது பழையது, எது கடைந்தது, எதற்கு எத்தனை நாள். தலவாக்கலை ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்து நாலு பக்கமும் படம் எடுத்தேன். நுவரெலியாவில் பெரிய பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் காரைக் காட்டி அவருடைய மதிப்பீட்டைக் கையெழுத்தோடு வாங்கினேன். சந்தையில் நானூறு ரூபாய் போகிற காரை ஐயாயிரத்துக்கு எழுதலாம் என்று கோப்பைக் கொண்டுபோய் கிளாசன் முன்னால் வைத்தேன். எனக்கு வயது இருபத்தாறு. காதுவரைக்கும் தலைக்கனம்.

கிளாசன் மறுநாளே என்னோடு புறப்பட்டு வந்தார். கார் தூங்குகிற கொட்டகையின் பூட்டை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காற்சட்டையோடு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். வெளியே வந்து, "நல்ல கை" என்று மட்டும் சொன்னார். பிறகு ஸ்டோருக்கு முன்னால் ஏறிப்போகிற சரிவைப் பார்த்தார். கைபிரேக்கைப் பிடித்து இழுத்தார்.

"என் கல்யாணத்துக்கு முன்னால் செய்த எந்த பிரேக்கையும் நான் நம்பமாட்டேன். இதற்கு ஒரு நிபந்தனை எழுது" என்றார்.

எழுதினேன். நாலாம் நிபந்தனை, முழுக்க முழுக்க என் வாக்கியம்: வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் கல் அண்டை கொடுக்க வேண்டும், அவ்வாறு கொடுக்காதபோது ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. மலைநாட்டில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் தோட்டத்தில் கையில் கிடைத்த கல்லை ஆளுக்கொரு வேலைக்கு எடுத்துப்போவார்கள் என்று கிளாசனுக்குத் தெரியும். ஆகவே இரண்டு நல்ல கல்லாகப் பொறுக்கி வெள்ளையடித்து வைக்கச் சொன்னார். வெள்ளைக் கல்லைக் கண்டால் அது காரின் கல் என்று எல்லாருக்கும் தெரியுமாம். நானே பக்கத்தில் நின்று சுண்ணாம்பு அடிக்க வைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு வேலாயுதம் என்னை அழைத்தார். பூசையன்று ஸ்டோர் பார்க்க வேண்டிய அழகு. உருளை இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, அடுப்புக்கு மாலை, ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் குங்குமம். எல்லாம் முடிந்து கடைசியாகக் காருக்கு வந்தார்கள். கார் ஸ்டோர் வாசலில், மேட்டைப் பார்த்த முகமாகச் சரிவில் நின்றது. நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

வேலாயுதம் தேங்காயை என் கையில் கொடுத்தார். "தம்பிதான் இந்த வண்டிக்கு வெல போட்டவரு. நீங்கதான் உடைக்கணும்."

கூட்டத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் குளிராது? லயத்துப் பையனுக்கு ஸ்டோர் வாசலில் முதல் மரியாதை. என் காலடியில் ஒரு கல்லை வைத்தார்கள். வெள்ளையடித்த கல். பக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கல்லின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கோயில் படிக்கல்லுக்கு அடிப்பதுபோல் பூசைக்காகவே வெள்ளையடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் நான் எதையுமே நினைக்கவில்லை. ஓங்கி உடைத்தேன். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது, கூட்டம் சந்தோஷப்பட்டது.

வேலாயுதம் காரின் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். கைப்பிடி சுற்றிக் கிளப்புகிற காருக்குக் கியர் விலகியிருக்க வேண்டும். காரைப் பிடித்துக்கொண்டிருந்தது கிளாசன் நம்பாத அந்தக் கைபிரேக் மட்டும்தான். இரண்டாவது சுற்றில் எஞ்சின் உதறியது. அந்த உதறலில் பிரேக் நழுவியது. கார் மெதுவாக, அவரை விட்டு விலகிப் பின்னால் போயிற்று. யாரோ "ஐயா!" என்று கத்தினார்கள். ரோட்டு விளிம்பைத் தாண்டியது, தேயிலைக்குள் மூன்று நிரை இறங்கியது, தண்ணீர் ஓடும் கானில் சக்கரம் மாட்டிப் பக்கவாட்டில் சரிந்தது. நல்ல காலம், பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. முன் சக்கரங்களுக்கு வைத்த இரண்டு எலுமிச்சம்பழமும் நசுங்காமல் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். நாலாம் நிபந்தனை அங்கே தேங்காய்த் தண்ணீரில் நனைந்து கிடந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோரிக்கைப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவருடைய குவாட்டர்ஸுக்குப் போனேன். வேலாயுதம் ஏற்கெனவே ஒரு தாளில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். "பூசைக்காக இரண்டு கற்களையும் நானே எடுத்தேன், தவறு என்னுடையது" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஐயா, இப்படி எழுதினா கம்பெனி ஒரு சதம்கூடக் குடுக்காதுங்க."

"தெரியும் தம்பி. நெசம் அதுதானே? கல்லை எடுத்தது நான். பூசை அவசரத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு."

"உடைச்சது நானுங்க."

"நீங்க அன்னைக்கு வரவே இல்ல." அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "ஸ்டோர்ல எல்லார்க்கிட்டயும் சொல்லிட்டேன். கம்பெனி ஆளே நின்னு உடைச்சாருன்னு தெரிஞ்சா உங்கள வச்சிருப்பாங்களா? என் வண்டி போனா இரும்பு. உங்க வேலை போனா உங்க அப்பா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அவர் மனைவி உள்ளேயிருந்து தேநீர் கொண்டு வந்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. "வண்டிய மேல தூக்கிட்டு வந்துட்டாங்க, போய்ப் பாருங்க தம்பி. இவரு போய்ப் பாக்கமாட்டேங்கிறாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் நசுங்கி, முன்னச்சு வளைந்து, அவர் தைத்த தோல் கிழிந்து கிடந்தது. இன்னும் எட்டு வருடம் அவருக்கு இல்லை, மூன்று வருடத்தில் ஓய்வு; குவாட்டர்ஸையும் கொட்டகையையும் விட்டுப் போக வேண்டும். கம்பெனி கொடுத்தால் நுவரெலியாப் பட்டறையில் திருத்தலாம். கொடுக்காவிட்டால் அந்தக் கார் மறுபடியும் கோழிக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பஸ்ஸில் ஹட்டன் வரும்வரை அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அப்படியே கொடுத்துவிட்டால் என்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை. அம்மாவின் மஞ்சள் துணி எத்தனையோ தடவை கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. வட்டகொடையிலிருந்து ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டார்.

கிளாசன் ஜன்னலோரம் நின்று கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். பென்சிலை எடுத்தார்.

"இரண்டு கல்லையும் எதற்கு எடுத்தார்?"

"பூசைக்கு, சார். ஒன்று கற்பூரத்துக்கு, ஒன்று தேங்காய்க்கு."

"இரண்டு கல்லையும் எதற்கு எடுத்தார்?"

அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் சொன்னேன். சீவல் சுருள்சுருளாக விழுந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று தெரிந்தது.

"சார், படிவத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. தேங்காயை உடைத்தது நான்."

கத்தி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்காயை உடைத்தது யார்?"

"நான், சார்."

"கல் வெள்ளையாக இருந்ததா?"

"இருந்தது."

"வெள்ளையடிக்கப் பக்கத்தில் நின்றது யார்?"

"நான்."

"நாலாம் நிபந்தனையை எழுதியது யார்?"

"நான்தான், சார்."

"வெளியே போய் உட்கார்."

வெளியே பியோனின் வாங்கில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தட்டச்சு செய்கிற சத்தம்கூட அன்றைக்கு எனக்காகவே மெதுவாகக் கேட்டது. வேலை போனால் திரும்பவும் லயத்துக்குப் போய் அப்பாவோடு கவ்வாத்துக் கத்தி பிடிக்கலாம் என்றால், அதற்கும் தோட்டத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். என் பெயரை வெட்டி ஏழு வருடம் ஆகியிருந்தது.

மறுபடி கூப்பிட்டபோது கிளாசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோரிக்கைப் படிவத்தோடு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"கேள். இந்த மனிதர் எழுதிக்கொடுத்தது மட்டும் இருந்திருந்தால் நிராகரித்திருப்பேன். நிபந்தனையை மீறினார், ஒப்புக்கொண்டார், முடிந்தது. ஆனால் நிபந்தனையை எழுதிய கம்பெனி ஆளே எதிரில் நின்று, அந்தக் கல்லிலேயே தேங்காய் உடைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றிருக்கிறான். இதற்குப் பிறகு, நீங்கள் நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று அவரிடம் எந்த முகத்தோடு நான் சொல்வேன்? மீறியது அவர் மட்டுமல்ல, கம்பெனியும்தான். முழுச் சேதத்தையும் கொடுக்க வேண்டும்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீ இப்போது சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடு. அது கொழும்புக்குப் போகும். உன்னை அனுப்பிவிடச் சொன்னால், வெள்ளையடிக்கச் சொன்ன முட்டாள் நான் என்று நானும் ஒரு கடிதம் எழுதுவேன். இரண்டு முட்டாளையும் அனுப்பட்டும்."

கொழும்பு ஒருவரையும் அனுப்பவில்லை. வேலாயுதத்தின் கோரிக்கை முழுதாகச் செலுத்தப்பட்டது. ஆறு மாதம் மோட்டார் பிரிவுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. அந்த ஆறு மாதமும் தீக் காப்புறுதிக்காக ஸ்டோர் ஸ்டோராகப் போய் மணல் வாளிகள் தொங்குகின்றனவா என்று பார்த்தேன். பிறகு அதே நாற்காலிக்கு வந்தேன். தொழில் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகும் அதே வேலைதான். அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷக் கார்களுக்கு எழுதினேன், ஒன்றில்கூடத் தகராறு வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு வேலாயுதம் கிளாசனையும் என்னையும் சேர்த்து அழைத்தார். கார் அதே சரிவில், அதே இடத்தில், புது வர்ணத்தோடு நின்றது. பின் சக்கரங்களுக்கு இரண்டு வெள்ளைக் கல். தேங்காய்க்கென்று தனியாக ஒரு கல் கொண்டுவந்து, தவறியும் மாறிப்போகாதபடி தார் பூசிக் கறுப்பாக்கி வைத்திருந்தார். கற்பூரத்துக்குத் தாம்பாளம். அவருடைய மனைவி ஒரு பக்கம் நின்று காரைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வேலாயுதம் தேங்காயைக் கிளாசனிடம் நீட்டினார். "பெரிய ஐயா, இந்தத் தடவ நீங்க உடைச்சுக் குடுங்க."

கிளாசன் தேங்காயை வாங்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். குனிந்து முதல் கல்லைச் சப்பாத்தால் தட்டினார், இரண்டாவது கல்லையும் தட்டினார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை தட்டினார். பிறகு முன்னால் வந்து தேங்காயை என் கையில் வைத்தார்.

"நீயே உடை" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே. "கம்பெனி ஆளு பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

உடைத்தேன். வேலாயுதம் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் உதறியது, ஸ்டோர் வாசலில் இருந்த அத்தனை பேரும் பின் சக்கரங்களையே பார்த்தார்கள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. வேலாயுதம் ஏறி உட்கார்ந்து, மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"தம்பி, இப்ப கல்லை எடுங்க."